கட்டாரில் நிற்கிற வாப்பாவும் றுமானா ரீச்சரின் கயிறும்

றிஸ்லா 'பிகாஸ்' என்று சொல்லிவிட்டாள்!

இதில் என்ன பெரிய காரியம் என்று கேட்பவர், நிந்தவூர்க் கடற்கரைப் பக்கம் இருக்கிற அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தின் ஒன்பதாம் வகுப்பைக் கண்டிராதவர். ஆங்கிலப் பாடவேளைக்கு மணி அடித்தால் அந்த வகுப்பில் காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். இடைவேளையில் ஊரையே தூக்குகிற பிள்ளைகள், ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் தலையைக் குனிந்துகொள்வார்கள். 'யெஸ் ரீச்சர்', 'நோ ரீச்சர்' இரண்டும்தான் அவர்களுடைய முழு ஆங்கிலம். அப்படிப்பட்ட வகுப்பில், மூன்றாம் வாங்குப் பலகையில் இருக்கிற றிஸ்லா எழும்பி, தரையில் கிடந்த பச்சைக் கயிற்றுக்கு முன்னால் வந்து நின்று, ஒரே மூச்சில் சொன்னாள்:

"மை உம்மா ஸ்பீக் மீ பிகாஸ் ஐ ஸ்டோரி வித் மை ஃப்ரெண்ட்!"

வெளியூர் ஆங்கில மேதை யாராவது கேட்டிருந்தால் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். நம்ம ஊரில் பிறந்தவனுக்கு அது பளிங்கு மாதிரி விளங்கும். உம்மா பேசினா என்றால் உம்மா ஏசினா என்று அர்த்தம். கதைப்பது என்றால் கூடி இருந்து உரையாடுவது. புத்தகத்தில் 'ஸ்பீக்' என்றால் பேசு, 'ஸ்டோரி' என்றால் கதை என்று போட்டிருக்கிறது. பிள்ளை அதை நம்பி, 'கூட்டாளியோட கதைச்சதுக்காக உம்மா எனக்குப் பேசினா' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கிவிட்டாள்.

றுமானா ரீச்சருக்குப் பிழை கண்ணில் படவே இல்லை. 'பிகாஸ்' மட்டும்தான் காதில் விழுந்தது. ஒரு பிள்ளை இரண்டு வசனத்தை எடுத்து, நடுவில் காரணம் வைத்துக் கட்டியிருக்கிறாள், அதுவும் யாரும் சொல்லிக்கொடுக்காமல்! ரீச்சர் அந்த இடத்திலேயே கைதட்டினாள். பிறகு கயிற்றைக் காட்டி, "இப்ப பாய்!" என்றாள். றிஸ்லா பாவாடையைப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தாண்டிக் குதித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பக்கத்து வசனத்தைத் தேடிப் பிடித்தார்கள்: "மை மதர் ஸ்கோல்ட்ஸ் மீ பிகாஸ் ஐ டோக் வித் மை ஃப்ரெண்ட்."

மணி அடித்ததும் றுமானா ஆசிரியர் அறைக்குள் ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள்.

"பஸால் சேர்! றிஸ்லா பிகாஸ் சொல்லிட்டாள்!"

பஸால் சேர் பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாட இணைப்பாளர். இலக்கணத்தில் அவரை அசைக்க இந்தக் கரையில் ஆளில்லை. முழு வசனத்தையும் கேட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஒரு வசனம், அதுல நாலு பிழை. நீங்க அதுக்குக் கையும் தட்டினீங்களாம். எங்கட வகுப்பு வரைக்கும் கேட்டிச்சி ரீச்சர்."

"பிழையத்தான் பிறகு மாத்திட்டம் சேர். அவள் கயித்தத் தாண்டிப் பாஞ்சிட்டாள்."

"கயிறு பாயிறதுக்கு விளையாட்டுப் பாடம் இரிக்கி," என்றார் பஸால் சேர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். றுமானாவும் சிரித்தாள். அன்றைக்கு அவளுடைய சந்தோசத்தைக் குறைக்க யாராலும் முடியவில்லை.

றுமானா யாருடைய மகள் என்று தெரிந்தால் இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். ஐஸ் முனாப் என்றால் கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் மீன்காரர்களுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்ன மனிதர். சைக்கிளில் சாக்கு விரித்து, மரத்தூளுக்குள் ஐஸ் கட்டியைப் புதைத்துக் கடற்கரைக்கு மிதித்தவர். இன்றைக்கு அவருடைய லொறி வராவிட்டால் தோணிக்காரர்கள் மீனைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும். அப்படிக் கையூன்றி எழும்பிய வீட்டில் பிறந்தவள், ஒரு கதவு சாத்தியிருந்தால் தள்ளிப் பார்க்காமல் திரும்புவாளா?

ஆனால் ஒரு கதவு அவள் முகத்திலேயே அடித்துச் சாத்தப்பட்டது. ஆசிரியப் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சையில், தகப்பனார் என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஓரிடத்தில் இருப்பதை நம்ம ஊரில் நிற்பது என்றுதான் சொல்வது. அந்த நேரம் வாப்பா கடற்கரையில் நிற்கிறார் என்பது நினைவுக்கு வர, "மை ஃபாதர் இஸ் ஸ்டாண்டிங் இன் தி பீச்" என்றாள். கேட்டவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டு, "அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க" என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். இடம் கிடைத்தது. ஆனால் பயிற்சிக் காலம் முழுக்க அவள் வாயைத் திறந்து ஒரு வசனம் தானாகச் சொல்லவில்லை. எழுத்தில் முதலாம் ஆள், கதைப்பதில் ஊமை. தன் வகுப்புப் பிள்ளைகள் தலையைக் குனிந்தபோது, அது சோம்பல் இல்லை, பயம் என்று அவளுக்குத் தெரிந்தது அதனால்தான்.

கயிறு பிறந்தது கல்முனையில். ஆங்கில ஆசிரியர்களுக்கான செயலமர்வுக்கு றுமானா போயிருந்தாள். அநேகமான செயலமர்வுகளில் பகல் சாப்பாடுதான் நினைவில் நிற்கும். இதை நடத்தியவர் காரைதீவைச் சேர்ந்த கோகுலன் சேர், ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரிய ஆலோசகர். அவர் திரையில் படம் காட்டவில்லை.

"பிள்ளை கதைக்கக்குள்ள குறுக்க விழாதீங்க. சொல்ல வந்தத முதல்ல சொல்லி முடிக்கட்டும், பிறகு திருத்துங்க," என்றார். "ஆனா எப்பிடித் திருத்துற எண்டு நான் சொல்ல மாட்டன். புத்தகத்தில இல்லாத ஒரு வழிய ஒவ்வொருத்தரும் ஒங்கட வகுப்பில செஞ்சி பாருங்க."

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதே யோசனை. வீட்டு முற்றத்தில் லொறியில் இருந்து இறக்கிய பச்சை நைலோன் கயிறு கிடந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டு அதைத் தாண்டினாள். தாண்டியவள் அப்படியே நின்றாள். திரும்பி இந்தப் பக்கம் குதித்தாள். மறுபடி அந்தப் பக்கம்.

"என்ன மகள், எலி கிலி ஓடுதா?" என்றார் முனாப்.

"வாப்பா, இந்தக் கயிறு எனக்கு வேணும்!"

விசயம் இவ்வளவுதான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஊர். இங்கே நின்று பிள்ளை வீட்டில் கதைக்கிற மாதிரியே ஆங்கிலத்தைக் கொட்டலாம், ஒருவரும் சிரிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. பிறகு பாய வேண்டும். அந்தப் பக்கம் உலகம். உலகத்துக்கு விளங்குகிற மாதிரி அதே விசயத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் கூட்டாளியைக் கூப்பிடலாம், அகராதியைப் புரட்டலாம், ரீச்சரையும் இழுத்துக்கொண்டு பாயலாம்.

பிள்ளைகள் முதல் நாள் பாயத்தான் எழும்பினார்கள், கதைக்க இல்லை. ஆனால் சொல்லாமல் பாய முடியாது என்பது சட்டம். 'மை சிஸ்டர் இஸ் ரீடிங் எ சோங்' என்றான் ஒருவன், தங்கச்சி பாட்டுப் படிக்கிறாளாம். பாய்ந்ததும் 'சிங்கிங்' வந்தது. அடுத்த கிழமை றிஸ்லாவின் பிகாஸ் வந்தது. அதன் பிறகு வகுப்பில் காற்றாடிச் சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை.

பஸால் சேருக்கு அந்தச் சத்தம்தான் பொறுக்கவில்லை. அவர் அதிபர் நபீலாவிடம் போனார். றுமானாவையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார், மறைவில் இல்லை.

"மேடம், பிழையச் சத்தமாச் சொல்லப் பழகினா அது நாக்கில ஒட்டிரும். சாதாரண தரப் பரீட்சையில கயிறு குடுக்க மாட்டாங்க."

"பிழையில நிக்கிறத்துக்கு நான் சொல்லல்ல சேர்," என்றாள் றுமானா. "பாயாம அங்கயே நிண்டாத்தான் பிழை."

அதிபர் நபீலா இருவரையும் பார்த்தார். கோகுலன் சேர் இந்தக் கரைப் பள்ளிக்கூடங்களின் ஆங்கில ஆசிரியர்களைக் கூட்டிக்கொண்டு மாதிரிப் பாடம் பார்க்க வரட்டுமா என்று கேட்டிருந்தார். "அந்தப் பாடத்த றுமானா ரீச்சர் செய்யட்டும்," என்றார் அதிபர். "எல்லாருக்கும் முன்னால பிள்ளைகள் வாயத் திறந்தா வகுப்பு ஒங்கட. திறக்காட்டி அடுத்த தவணை ஒன்பதாம் வகுப்ப பஸால் சேர் எடுப்பார். சரிதானே?"

"ஓம் மேடம்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வெளியே வந்த பிறகுதான் பந்தயத்தில் வைத்தது எதை என்று றுமானாவுக்கு உறைத்தது. பிள்ளைகளை அவளால் கொடுக்க முடியாது. இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறார்கள், இப்போதே மூடினால் பிறகு எப்போது?

வீட்டில் சொன்னதுதான் தாமதம். முனாப் சேட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு சந்திக்குப் போனார். மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருவதற்குள் நிந்தவூர் முழுக்க விசயம் பரவிவிட்டது.

"என்ட மகள்ட பாடத்தப் பாக்க கல்வி வலயமே வருகிது. கொழும்பில இரிந்தும் ஆள் வந்தாலும் வரும்."

"முனாப் காக்கா, நீங்க மூணாம் வகுப்புத்தானே? மகள் இவ்வளவு ஓடுறா!"

"நான் மூணோட நிறுத்தினதாலதான் என்ட பங்கையும் சேத்துப் படிச்சவள்!"

றுமானா அன்றைக்கு வாப்பாவுக்குப் பேசாத பேச்சில்லை. "ஏன் வாப்பா ஊரெல்லாம் கதைச்சித் திரியிறீங்க? நாளைக்கு பிள்ளைகள் வாயத் திறக்காட்டி நான் எந்த ரோட்டால நடக்கிற?" முனாப் தலையை ஆட்டினார். ஆனால் பாட நாளன்று காலையில் அவருடைய லொறி பள்ளிக்கூட வாசலில் நின்றது. உள்ளே சிவப்பு வெல்வெட் உறை போட்ட கலியாண வீட்டுக் கதிரைகள், ஐஸ் போட்ட சர்பத் வாளி.

"இது பாடம் வாப்பா, கலியாணம் இல்ல!"

"வாற ஆக்கள் மரக்கதிரையிலயா குந்துற? நம்மட மரியாதை என்ன ஆகுறது?"

அவரை வகுப்புக்குள் வரக் கூடாது என்று றுமானா தடுத்துவிட்டாள். அவர் போகவில்லை. மதில் ஓரத்தில், யன்னலுக்கு நேரே, லொறியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

ஆசிரியர்கள் வந்து வெல்வெட் கதிரைகளில் அமர்ந்தார்கள். கோகுலன் சேர் ஓரமாக இருந்தார், பக்கத்தில் அதிபர், கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு பஸால் சேர். பச்சைக் கயிறு தரையில் கிடந்தது. றுமானா ஸலாம் சொன்னாள், சிரித்தாள், "ஹூ இஸ் ஃபர்ஸ்ட்?" என்று கேட்டாள்.

காற்றாடி சுற்றியது.

மறுபடி கேட்டாள். தலைகள் குனிந்தன. நேற்று வரைக்கும் நான் முதல் நீ முதல் என்று தள்ளுப்பட்ட பிள்ளைகள்! பின்னால் ஒரு கதிரை கிறீச்சிட்டது. அந்த நேரம்தான் மூன்றாம் வாங்கில் றிஸ்லா எழும்பினாள். மெதுவாக வந்து கயிற்றின் இந்தப் பக்கம் நின்றாள்.

"மை வாப்பா இஸ் ஸ்டாண்டிங் இன் கட்டார்," என்றாள்.

வந்தவர்களில் பாண்டிருப்பைச் சேர்ந்த சுஜித்தா ரீச்சரும் ஒருவர். கலகலப்பான மனுசி. மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது: "ஸ்டில் ஸ்டாண்டிங்? நோ செயார்?"

பின்வரிசை முழுக்கச் சிரித்தது. றிஸ்லாவின் முகம் சுருங்கியது. அவள் கயிற்றைப் பார்க்கவில்லை, தன் வாங்கைப் பார்த்தாள். பிள்ளைகள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் போய் உட்கார்ந்தால் இனி ஒருவரும் எழும்பமாட்டார்கள். றுமானாவுக்கு அந்தச் சிரிப்பை நன்றாகத் தெரியும். நேர்முகப் பரீட்சை மேசைக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சிரிப்பு. அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டாள். இன்றைக்கு மூடினால் போவது ஒரு வகுப்பு.

"சுஜித்தா ரீச்சர், கொஞ்சம் இஞ்ச வாங்க!" என்றாள், கையைப் பிடித்து இழுக்காத குறையாக. "ஒங்கட மிஸ்டர் இப்ப எங்க?"

"அவரா? அவர் வேலையா கொழும்பில நிக்கிறார்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கடைசி வாங்கில் இருந்து ஒரு குரல்: "அவருக்கும் கதிரை இல்லையா ரீச்சர்?"

அவ்வளவுதான். வகுப்பு வெடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், ஆசிரியர்கள் அதைவிடக் கூடுதலாகச் சிரித்தார்கள். யன்னலுக்கு வெளியே லொறிப் பக்கமிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. சுஜித்தா ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ கடவுளே, நானும் மனுசன நிக்க வச்சிட்டன்!"

"அப்ப இந்தப் பக்கம் நிண்டு சொல்லுங்க," என்றாள் றுமானா.

"மை ஹஸ்பண்ட் இஸ் ஸ்டாண்டிங் இன் கொழும்பு!" என்று சுஜித்தா ரீச்சர் முழுக் குரலில் சொன்னார். சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார். "மை ஹஸ்பண்ட் இஸ் இன் கொழும்பு!" பிள்ளைகள் வாங்கைத் தட்டினார்கள். பாய்ந்த வேகத்தில் ரீச்சருக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

அவர் திரும்பி றிஸ்லாவுக்குக் கையை நீட்டினார். "வா மகள், நீயும் பாய்."

றிஸ்லா பாய்ந்தாள். அந்தப் பக்கம் நின்று, நிமிர்ந்து, நிதானமாகச் சொன்னாள்: "மை வாப்பா லிவ்ஸ் இன் கட்டார். ஹி இஸ் எ செக்யூரிட்டி கார்ட்."

கைதட்டக் கைகள் எழும்பின. அவள் இன்னும் முடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு காலைத் தூக்கிக் கயிற்றின் இந்தப் பக்கம் வைத்தாள். ஒரு கால் உலகத்தில், ஒரு கால் ஊரில்.

"பட் ஹி இஸ் ஸ்டாண்டிங் ஆல்ஸோ," என்றாள். "பிகாஸ் தெயார் இஸ் நோ செயார்."

யாரும் சிரிக்கவில்லை. பெரிய கட்டிடத்து வாசலில் காலையில் இருந்து இரவு வரை நிற்கிற ஒரு மனிதரை அந்த வகுப்பு முழுக்கக் கண்டது. சுஜித்தா ரீச்சர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். முதலில் கைதட்டியது கோகுலன் சேர். பிறகு தட்டாத ஆளில்லை.

அதற்குப் பிறகு கயிறு ஓரிடத்தில் கிடக்கவில்லை. வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் வரிசைக்கு வந்தார்கள். ஒருவனின் மாமா சாகாமத்து வயலில் நின்றார், இன்னொருத்தியின் மூத்த ராத்தா குளியலறையில் பாட்டு வாசித்தா, எல்லாரும் பாய்ந்து அந்தப் பக்கம் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் ஆசிரியர்களும் வெல்வெட் கதிரைகளை விட்டு எழும்பி வரிசையில் நின்றார்கள். மணி அடித்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. இந்தக் கரையில் எத்தனையோ மாதிரிப் பாடம் நடந்திருக்கிறது, மணி அடித்ததும் எழும்பி ஓடுகிற பாடங்கள். பார்க்க வந்தவர்களைத் துரத்த வேண்டிவந்த பாடம் இது ஒன்றுதான்!

எல்லாரும் சர்பத் குடிக்கப் போன பிறகு பஸால் சேர் கயிற்றுப் பக்கம் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பிள்ளை 'லிவ்ஸ்' எண்டு சொன்னாளே ரீச்சர்."

"ஓம் சேர்?"

"கடைசியில எஸ் இரிந்திச்சி. நான் கேட்டன்." அவர் இன்னும் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஒரு எஸ்ஸுக்காக வருசக்கணக்கா நான் தொண்டையக் கிழிச்சிருக்கன். கரும்பலகையில எழுதி, கொப்பியில எழுதி, கையிலயும் எழுதி விட்டன். இவள் பாஞ்சி போய்ச் சொல்றாள்."

"நீங்க எட்டாம் வகுப்பில போட்ட எஸ்தான் சேர் அது. நான் பாய மட்டும்தான் விட்டன்."

பஸால் சேருக்கு அது பிடித்திருந்தது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டார்: "ஒங்கட வாப்பாக்கிட்ட இன்னொரு கயிறு இரிக்கா? எட்டாம் வகுப்புக்கு."

அதிபர் நபீலா சர்பத் கோப்பையோடு அந்த வழியால் போனவர் நிற்கக்கூட இல்லை. "ஒன்பதாம் வகுப்பு ஒங்கடதான் றுமானா ரீச்சர். சத்தம் மட்டும் கொஞ்சம் குறைங்க," என்று சொல்லிக்கொண்டே போனார். அடுத்த செயலமர்வில் பாடம் எடுக்க றுமானாவைக் கூப்பிடப் போவதாகக் கோகுலன் சேர் வாசலில் சொன்னார். கயிற்றையும் மறக்காமல் கொண்டுவரச் சொன்னார்.

றுமானா வெளியே வந்தபோது கதிரைகள் லொறியில் ஏறிக்கொண்டிருந்தன. முனாப் மதிலடியில் நாலைந்து பேரை வட்டமாக நிறுத்தி வைத்துக் கையை வீசி வீசிக் கதைத்துக்கொண்டிருந்தார். மகளின் பாடம், மகளின் கயிறு, இல்லை, கயிறு அவருடையது, அதைச் சொல்ல மறக்கவில்லை.

"வாப்பா! திரும்பவும் தொடங்கிட்டீங்களா?" என்று றுமானா கத்தினாள். "ஊரெல்லாம் கதைக்க வேணாம் எண்டு எத்தனை தரம் சொன்னன்?"

முனாப் திரும்பினார். மகளைப் பார்த்தார், பிறகு தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். மகள் வீட்டில் நூறு தரம் சொன்ன றிஸ்லாவின் வசனமும் யன்னலோரம் நின்று கேட்டதும் வீண்போகவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, மூன்றாம் வகுப்போடு நின்ற அந்த வாயால், வாழ்நாளில் முதல் ஆங்கில வசனத்தை ஊர் கேட்கச் சொன்னார்:

"மை டோட்டர் ஸ்பீக் மீ பிகாஸ் ஐ ஸ்டோரி வித் எவ்ரிபடி!"

றுமானாவுக்கு ஏச வந்த வாய் சிரிப்பில் அடைத்துப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோளில் கிடந்த பச்சைக் கயிற்றை எடுத்து, மதிலடி மணலில் வாப்பாவின் காலடியில் நீட்டிப் போட்டாள்.

"பாயுங்க வாப்பா," என்றாள். "பாஞ்சி, அந்தப் பக்கம் நிண்டு இன்னொருக்காச் சொல்லுங்க."

முனாப் சாறனை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார்.